திருகோணமலைக்கு அடியில் தீயா, பிளவா?

திருகோணமலையின் நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழும். குன்றுகள் வளைத்து நிற்க நடுவே ஆழ்ந்து கிடக்கிறது துறைமுகம். நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்னும் பெரும்பிளவு பாறையைக் கீறி நிற்கிறது. இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, இது அணைந்துபோன எரிமலையின் வாய், கன்னியா அதன் மிச்ச வெப்பம், சுவாமிமலைக்கு அடியில் தீக்குழம்பு ஓடி வெறுமையான சுரங்கங்கள் இருந்தே தீரும் என்று கருதுவோர் உண்டு. ஒரே விடையால் மூன்று புதிர்களையும் அவிழ்க்க முயல்வதால் இந்தக் கருத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. அதனாலேயே அதை முறையாகச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். சோதித்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது. திருகோணமலையின் நிலத்தடி பிளவுகளால் ஆனது. அங்கே எரிமலைக் குழம்புக் குகை இல்லை, இருப்பதற்கான நிலமும் இல்லை. மேலே சொன்ன மூன்றையும் எரிமலையைவிடப் பிளவுகளே நன்றாக விளக்குகின்றன. இந்த வேறுபாட்டைப் பொறுத்தே கன்னியாவின் எதிர்காலமும் அமையும்.

குழம்புக் குகை பிறக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். எல்லா எரிமலைகளும் இத்தகைய குகைகளை உண்டாக்குவதில்லை. சிலிக்கா குறைந்த, எண்ணெய்ப்பதமாக இளகி ஓடக்கூடிய பசால்ட் குழம்பு வேண்டும். அது மென்சரிவில் நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ விடாமல் ஓட வேண்டும். ஏறத்தாழ 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெளிவரும் அந்தக் குழம்பின் மேற்பரப்பு காற்றுப் பட்டதும் பாலாடைபோல் உறைகிறது. உறைந்த ஓடு வெப்பத்தை வெளியே விடாது. அதனால் உள்ளே ஓடும் குழம்பு குளிராமல் பல கிலோமீற்றர் தூரம் செல்கிறது. போகும் வழியில் தன் தரையையே உருக்கி ஆழமாக்கிக்கொள்ளவும் செய்கிறது. ஊற்று நின்றதும் எஞ்சிய குழம்பு கீழ்நோக்கி வடிய, ஓடு மட்டும் கூரையாக நிற்கிறது. உள்ளே நுழைந்தவருக்கு அதன் வரலாறு சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும்: குழம்பு எந்த மட்டத்தில் எவ்வளவு காலம் நின்றது என்பதைக் காட்டும் கிடைக்கோடுகள், ஓரத்தில் திண்ணைபோல் உறைந்த படிகள், கூரையிலிருந்து சொட்டியபடியே கல்லான துளிகள், கண்ணாடிபோல் மினுங்கும் மேற்பூச்சு. சுண்ணாம்புக் குகையில் காண்பவை பொதுவாக இங்கே இரா. அதை நீர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துச் செய்கிறது. இதைத் தீ ஒரே ஊற்றில் செய்துவிட்டுப் போகிறது.

உலகெங்கும் இக்குகைகள் ஆராயப்பட்ட வரலாறு நமக்கு உதவும் ஓர் அளவுகோல். ஹவாய்த் தீவில் கிலவேயா எரிமலையின் சரிவிலுள்ள கசுமுரா, 65 கிலோமீற்றருக்கு மேல் அளக்கப்பட்ட குகை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அது 1,100 மீற்றர் இறங்குகிறது. அதைப் படைத்த குழம்பு ஓடிச் சில நூற்றாண்டுகளே ஆகின்றன. கொரியாவின் ஜேஜு தீவில் மஞ்சாங்குல் குகையை 1946இல் பூ ஜோங்-ஹியூ என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களோடு தீப்பந்தம் ஏந்தி நுழைந்து ஆராய்ந்தார். ஏழு கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தக் குகை 2007இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற எரிமலைத் தீவின் பகுதியாயிற்று. சவூதி அரேபியாவின் கைபர்க் குழம்புவெளியிலுள்ள உம் ஜிர்சான் குகையில், ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேய்ப்பர்கள் வந்து தங்கிச் சென்ற தடயங்களை 2024இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில், நிலவின் அமைதிக் கடல் சமவெளியில் தெரியும் ஒரு குழியின் அடியிலிருந்து குகைவழி ஒன்று நீள்வதாக ராடார் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அறிவித்தார்கள். நிலவில் மனிதர் தங்கினால் கதிர்வீச்சுக்கு ஒதுங்கக்கூடிய இடமாக இத்தகைய குகைகளையே விண்வெளி ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

தமிழர் வாழும் மண்ணிலும் குழம்புக் குகைகள் உண்டு, இந்துமாக்கடலின் தென்மேற்கில். மொரீசியசில் கரும்புத் தோட்டங்களுக்கு அடியில் பல குகைகள் ஓடுகின்றன. அவ்வட்டாரத் தீவுகளுக்கே உரிய உழவாரக் குருவிகள் அவற்றின் கூரையில் கூடு கட்டுகின்றன. ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்த மத்தியூ பிளிண்டர்ஸ், 1803 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர் பிடியில் அத்தீவில் சிறைப்பட்டிருந்தபோது இக்குகைகளில் சிலவற்றுக்குச் சென்று பார்த்து, 1814இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞராகவும், 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகவும் அங்கே போய்ச் சேர்ந்த தமிழர்கள் உழுத நிலம் அந்தக் குகைகளின் கூரைமேல்தான் கிடக்கிறது. பக்கத்துத் தீவான ரெயூனியனில் பிற்றோன் டி லா பூர்னேஸ் இன்றும் பொங்கும் எரிமலை. 2004இல் ஓடிய குழம்பு விட்டுச்சென்ற குகைகளுக்குள் வழிகாட்டிகளோடு இன்று மக்கள் தவழ்ந்து செல்கிறார்கள். தமிழில் எரிமலைக் குகை பற்றிய நேரடி அனுபவம் எங்காவது சேர வேண்டுமென்றால் அது அந்தத் தீவுகளிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும்: பூமியில் உள்ளவை எல்லாமே வயதில் இளையவை. ஆஸ்திரேலியாவின் உந்தாராக் குகைகளுக்கு ஏறத்தாழ 1,90,000 ஆண்டு என்கிறார்கள். மனித வரலாற்றில் அது பெரும் முதுமை, பாறைகளின் வரலாற்றிலோ நேற்றைய பொழுது. அங்கேயும் கூரை பல இடங்களில் இடிந்து, எஞ்சிய துண்டுகள்தான் குகைகளாக நிற்கின்றன. குழம்புக் குகை நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியது. சில மீற்றர் கூரைதான் அதன் காப்பு. மழையும் வேரும் நிலநடுக்கமும் அதை இடிக்கும். அடுத்த குழம்பு வந்து நிரப்பும். அரிப்பு முதலில் தின்பதும் அதையே. இந்தியாவின் தக்காணப் பீடபூமி இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகிலேயே மிகப் பெரிய குழம்புப் பெருக்குகளில் ஒன்று அங்கே நிகழ்ந்தது. அந்தப் பெருக்கைத் தோற்றுவித்த ஆழ்வெப்ப ஊற்றே இப்போது ரெயூனியனுக்கு அடியில் இருக்கிறது; இலட்சத்தீவு, மாலைதீவு, மொரீசியஸ் என்று நீளும் வரிசை அது கடந்துவந்த தடம். அத்தனை குழம்பு ஓடிய தக்காணத்திலேயே பழைய குழாய்கள் என்று ஆய்வாளர் காட்டுபவை பெரும்பாலும் உள்ளே கல் அடைத்து இறுகிப்போனவை. அஜந்தாவையும் எல்லோராவையும் எரிமலைக் குகைகள் என்று நினைப்பவர் உண்டு. பாறை எரிமலை தந்தது, குகை உளியால் குடைந்தது.

இனித் திருகோணமலையின் பாறைக்கு வருவோம். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம், கேம்பிரியக் காலத்துக்கு முந்திய உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார், புத்தளம் வரை நீளும் சுண்ணாம்புக்கல் மேடையும் கரையோர மணலும் வண்டலும்தான் முக்கிய விலக்குகள். நடுமலைநாட்டிலிருந்து வடகிழக்காக நீண்டு திருகோணமலைப் பக்கம் கடலைத் தொடும் பாறைத்தொகுதியைப் புவிச்சரிதவியலார் உயர்நிலத் தொகுதி என்பர். நைசு, குவார்ட்சைட்டு, சார்னொகைட்டு, பளிங்கு ஆகியவை அதன் உறுப்புகள். இவற்றுள் சார்னொகைட்டு தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. சென்னைக்கருகே பல்லாவரம்தான் அந்தப் பாறைக்கு மாதிரி இடம். கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையின் இப்பாறைகள் நிலத்துக்கடியில் இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கிடந்து உருமாறின. அவை உருகி ஓடிக் குழம்பாக மேலே வரவில்லை. கிடந்த இடத்திலேயே கனிமங்கள் மாறின, அடுக்குகள் மடிந்தன. அத்தனை ஆழத்திலிருந்த பாறை இன்று சுவாமிமலையில் கடற்காற்றை வாங்கி நிற்கிறதென்றால், அதன்மேல் கிடந்த கிலோமீற்றர் கணக்கான நிலம் முழுவதும் அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டது என்பதே பொருள். அந்தப் பழைய மேற்பரப்பில் எப்போதாவது ஓர் எரிமலை இருந்திருந்தாலும், ஒரு குகை இருந்திருந்தாலும், அவை முதற்கண் போய்விட்டவை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். இலங்கை தீக்குழம்பையே அறியாத தீவா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கிழக்கிலங்கையில் கருமையான டொலரைட்டுப் பாறைச் சுவர்கள் பழைய நைசை ஊடறுத்து ஓடுகின்றன. கொண்டுவானா பிரிந்த காலத்தில் விரிசல்களில் ஏறிய குழம்பு அங்கேயே உறைந்ததன் எச்சம் அவை. 2011இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு தேடித் துளைத்த பரகூடா ஆழ்கிணற்றிலும் எரிமலைப் பாறைப் படிவுகள் எதிர்ப்பட்டன. ஆகவே குழம்பு வந்ததே இல்லை என்று வாதிடுவது தவறு. ஆனால் இந்த இரண்டு சான்றுகளும் குகைக்கு எதிராகவே பேசுகின்றன. டொலரைட்டுச் சுவர் குழம்பு நிலத்தடி விரிசலில் நின்று, விரிசலை நிரப்பி, கெட்டியாக உறைந்ததைக் காட்டுகிறது. வெறுமையாகும் குழாய்க்கு நேர் எதிரான செயல் அது. அச்சுவர்கள் எந்த மேற்பரப்புக்குக் குழம்பைக் கொண்டுசென்றிருக்கக்கூடுமோ அந்த மேற்பரப்பு இன்று எஞ்சவில்லை. மன்னாரின் எரிமலைப் படிவோ கடலடி வண்டலுக்குக் கீழே ஆழப் புதைந்தது. அது பாக்கு நீரிணையின் தெற்கே உள்ள பிளவுப்படுகையின் கதை, திருகோணமலையின் கதையன்று.

துறைமுகத்தின் வடிவம் அடுத்த வாதம். உயர்ந்த குன்றுகள் சுற்றி நிற்க, நடுவே ஆழம், ஒருபக்கம் உடைந்த வாய் என்று வருணித்தால் எரிமலை வாய்போலத்தான் தோன்றும். எரிமலை வாயென்றால் அதைச் சுற்றிச் சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காக வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். இங்கே கரையைச் சூழ்ந்தவை மடிந்த, அடுக்குக்கோடுகள் கொண்ட உருமாறிய பாறைமேடுகள். துறைமுகத்தின் கைகளும் முனைகளும் அம்மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களை ஒட்டியே உள்ளே நீள்கின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது உள்துறைமுகத்தின் பெரும்பகுதி வறண்ட பள்ளத்தாக்காகக் கிடந்திருக்கும். பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்கு மூழ்கித் துறைமுகமாயிற்று. வியப்புக்குரியது அதற்கு வெளியே இருக்கிறது. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக்குடாவிலிருந்து கடலடிப் பெரும்பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, வங்கக்கடலின் மூவாயிரம் மீற்றர் ஆழத்துக்கும் அப்பால் இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகே இத்தனை ஆழம் இருப்பதால்தான் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் திருகோணமலைக்குக் கிட்டத்தில் தென்படுகின்றன. அந்தப் பள்ளத்தாக்கை ஆறு அறுத்ததா, நிலப்பிளவு திறந்துவிட்டதா, அல்லது பிளவு காட்டிய வழியில் வண்டல் நீரோட்டம் செதுக்கியதா என்பதில் விவாதத்துக்கு இடம் உண்டு. எரிமலை அந்த விவாதத்தில் ஒரு தரப்பாக நிற்பதற்கு ஆதாரமாகச் சாம்பலும் இல்லை, குழம்பும் இல்லை.

இந்த விவாதத்தின் உயிர்நிலை கன்னியா. வெந்நீர் என்றதும் எரிமலை என்று மனம் ஓடுவது ஐஸ்லாந்து, ஜப்பான், இந்தோனேசியா பற்றிய படிப்பால் வந்த பழக்கம். ஆனால் நிலம் எங்கும் ஆழத்தில் சூடானதுதான். ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறும். கருங்கல் வகைப் பாறைகளில் சிறிதளவாகப் பரந்திருக்கும் யுரேனியமும் தோரியமும் பொற்றாசியமும் சிதைந்து ஓயாமல் வெப்பம் தருகின்றன. மழைநீர் ஒரு நெடும்பிளவின் வழியே இரண்டு மூன்று கிலோமீற்றர் இறங்கி, அங்கே நெடுங்காலம் தங்கிச் சூடேறி, வேறொரு பிளவில் தடையின்றி விரைந்து மேலே வந்தால் போதும். எரிமலை இல்லாமலே வெந்நீர் கிடைக்கும். இலங்கையின் மகாஓயா, கப்புறெல்ல, மகாபெலெஸ்ஸ, நெலும்வெவ முதலிய வெந்நீரூற்றுகள் எல்லாம் கிழக்கு, தென்கிழக்குத் தாழ்நிலத்தில் ஒரு பட்டையாக விழுகின்றன. கன்னியா அந்தப் பட்டையின் வடகோடியை ஒட்டியது. உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதி என்னும் இன்னொரு பாறைத்தொகுதியும் ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டுச் சந்திக்கும் எல்லையோடு இந்தப் பட்டைக்குள்ள உறவை திசாநாயக்கவும் ஜயசேனவும் 1988இல் எடுத்துக்காட்டினர். இரண்டு பெரும் பாறைத்துண்டுகள் ஒட்டிய தையல் அது; பிளவுகளுக்குப் பஞ்சமிராத இடம்.

ரோகண சந்திரஜித்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலைப்பாட்டுக்கு மேலும் வலுச் சேர்த்தது. இவ்வூற்றுகளின் நீரிலுள்ள ஓட்சிசன், ஐதரசன் ஓரிடத்தான்களை அளந்தபோது அது மழையாக விழுந்த நீர்தான் என்று தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆழம் போகப் போக வெப்பம் ஏறும் வேகம் இப்பகுதியில் எதிர்பார்த்ததைவிட அதிகம். எரிமலை வாதத்தை ஆதரிப்பவர் இந்த இரண்டாவது முடிவைப் பற்றிக்கொள்ளக்கூடும். அப்படியும் அது எரிமலைக்குச் சான்றாகிவிடாது. பாறையின் கதிரியக்கக் கனிமவளம், வெப்பத்தைக் கடத்தும் திறன், ஆழ்பிளவுகளில் நீர் சுழலும் முறை ஆகியவையே அந்த வேகத்தை ஏற்ற இறக்கமாக்கப் போதுமானவை. உண்மையில் நிலத்தடியில் குழம்பு கிடந்தால் ஊற்றில் கந்தக வாடையும் அமிலத்தன்மையும் எரிமலை வாயுக்களும் பின்னிக் கிடக்க வேண்டும். கன்னியாவின் நீரோ தெளிந்தது. வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டியது, கிணற்றுக்குக் கிணறு சற்றே மாறுபடுவது. ஏழு கிணறும் அருகருகே இருந்தும் வெப்பம் ஒன்றுபோல் இல்லாததற்கு ஆழத்திலிருந்து வரும் சுடுநீரும் மேல்மட்டக் குளிர்நீரும் ஒவ்வொரு பிளவிலும் வெவ்வேறு விகிதத்தில் கலப்பதே பொருத்தமான விளக்கம்.

உயிரினங்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. 1840களில் பிரெஞ்சு விலங்கியலார் வலென்சியன், கன்னியா வெந்நீரூற்றிலிருந்து பிடித்துச் சென்ற மீன்களை வைத்துப் புதிய இனங்களை விவரித்தார்; அவற்றில் ஒன்று நமக்கு நன்கு தெரிந்த அயிரை. மதுரைப் பக்கத்தில் குழம்பு வைக்கும் அதே அயிரைக்கு அறிவியலில் முதன்முதல் விவரணம் எழுதப்பட்டது திருகோணமலையின் வெந்நீரில் கிடைத்த மீனைக்கொண்டு என்பது தனியே எண்ணி மகிழத்தக்க செய்தி. இந்த விவாதத்துக்கு அது தரும் பயன் இதுதான்: வயல்வாய்க்காலிலும் குளத்திலும் வாழும் சாதாரண மீன் அங்கே இருந்ததென்றால், ஊற்றின் வழிநீர் அமிலமும் நச்சுவாயுவும் கலந்ததன்று, பக்கத்து நன்னீர் ஓடைகளோடு அது தொடர்புடையது.

மற்றொரு மறுப்பு ஆய்வின் போதாமையைப் பற்றியது. போர்க்காலத்தில் இம்மாவட்டத்தின் காடுகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தன. துறைமுகத்தைச் சுற்றிய நிலம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையிடமும் பின்பு இலங்கைக் கடற்படையிடமும் இருந்தது. தேடாத இடத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது என்பர். நியாயமான கேள்விதான். குகைகள் இனியும் கண்டுபிடிக்கப்படலாம் என்பதை மறுக்க வேண்டியதும் இல்லை. எந்த வகைக் குகை கிடைக்கும் என்பதைப் பாறையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. இலங்கையின் உருமாறிய பாறையில் குகைகள் மூன்று வழிகளில் உண்டாகின்றன. பெரும்பாறையின் அடிப்புறம் உதிர்ந்து குடைபோல் நிற்கும் ஒதுக்கிடங்கள் முதல்வகை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகை அத்தகையது. 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் எச்சம் அங்கே கிடைத்தது. நீர்வடி விளிம்பு செதுக்கப்பட்டுப் பிராமி எழுத்தில் கொடை பொறிக்கப்பட்ட துறவியர் குகைகளும் இவ்வகையே. பளிங்கு கரைந்து உண்டானவை இரண்டாம்வகை. பிளவு விரிந்தும் கடல் அரித்தும் உண்டானவை மூன்றாம்வகை. திருகோணமலைக் கரையில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். வடக்கே யாழ்ப்பாணத்தின் கதை வேறு: அங்கே சுண்ணாம்புக்கல் உள்ளே கரைந்து நிலவறைபோலாகிறது, புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு கூரை இடிந்த அத்தகைய குழிதான். கீரிமலையின் நன்னீரும் கன்னியாவின் வெந்நீரும் இரண்டுமே புனித நீராடலுக்குரியவை என்பதால் ஒருங்கே பேசப்படுகின்றன. முன்னது கரைந்த கல்லின் நீர், பின்னது உடைந்த கல்லின் நீர்.

மரபுக் கதையை இந்த ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிடக் கூடாது. திருகோணமலையின் இராவணன் கதைகளைக் கவனித்துப் படித்தால் அவற்றில் தீ இல்லை. சுவாமிமலையில் அவன் வாளால் பாறையை வெட்டினான். கன்னியாவில் தாய்க்கு நீர்க்கடன் செய்ய நிலத்தைக் குத்தினான், ஏழிடத்தில் நீர் பீறிட்டது. இரண்டு இடத்திலும் செயல் ஒன்றே: இறுகிய நிலம் பிளக்கிறது, பிளவுக்குள்ளிருந்து ஒன்று வெளிப்படுகிறது. கதை சொன்னவர்கள் புவிச்சரிதம் அறிந்திருந்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. கண்ணால் கண்டதை அவர்கள் உண்மையாகக் கண்டார்கள் என்று மட்டும் சொல்லலாம். செங்குத்தாகக் கீறிய பாறையைப் பார்த்தவருக்கு வெட்டுத்தான் நினைவுக்கு வந்தது. எரிமலை வாய் என்ற எண்ணம் அந்தக் கதைகளின் தொடர்ச்சியாக வந்ததன்று. இராவணன் சுரங்கம் தீவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை ஓடுகிறது என்று இன்று சிலர் வரைந்துகாட்டும் படங்களுக்கும் பாறையின் துணை கிடையாது. பிளவுகள் சில நூறு மீற்றர்களில் குறுகும், நீர் நிரம்பும், கல்விழுந்து அடைபடும்.

உண்மையான தேடலுக்கு இங்கே குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் கடலுக்குள் மூழ்கி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார்கள். பாறையின் அடிவாரத்தில் கடலின் கீழே மனித வரலாறும் நிலவரலாறும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. பிளவுகளின் திசையை முறையாக அளந்து நிலப்படமாக்குவதும், நிலத்தின் மின்தடையை மேலிருந்தே அளந்து நீர் நிற்கும் ஆழப்பிளவுகளைக் கண்டறிவதும் குகைக்குள் நுழைவதைவிடக் குறைந்த துணிச்சலைக் கேட்கும் வேலைகள். ஆனால் திருகோணமலையில் அவைதாம் குகை ஆய்வின் இடத்தில் நிற்பவை.

எரிமலையா பிளவா என்ற கேள்வி படிப்பறைக்குள் முடிகிற ஒன்றாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்தத் தேவையில்லை. அடியில் நெருப்பு இருக்கிறது என்று நம்பினால், கன்னியாவின் வெந்நீர் என்றும் வற்றாது, நாம் என்ன செய்தாலும் அது மாறாது என்ற எண்ணம் தானே வந்துவிடும். மழைநீர் பிளவில் இறங்கி ஏறுகிறது என்று ஏற்றால், அந்த நீர் எங்கே இறங்குகிறதோ அந்த நிலமும் காடும் கன்னியாவின் பகுதியாகிவிடும். வடகீழ்ப் பருவமழையை மட்டுமே பெரிதும் நம்பியிருக்கும் வறண்ட வலயம் இது. மாரியில் இறங்குவதுதான் ஆண்டு முழுதுக்குமான முதல். அருகே ஆழமான குழாய்க்கிணறுகள் பெருகினால், பிளவில் மேலேறும் அழுத்தம் குறைந்து சுடுநீரும் குளிர்நீரும் கலக்கும் விகிதம் மாறலாம். கிணற்றுத் தரையைச் சிமெந்தால் இறுக்கினாலும் ஊற்றுக்கண் அடைபடலாம். மூத்தோர்க்கு அந்தியேட்டிக் கடன் செய்யவும், வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளவும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வந்துகொண்டிருக்கிற இடம் அது.

கிணறுகளின் நிர்வாகமும் அவற்றைச் சூழ்ந்த நிலத்தின் உரிமையும் பற்றிய பிணக்கு 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம்வரை சென்றது. தமிழ் மக்களின் வழிபாட்டு உரிமை அங்கே காக்கப்பட வேண்டும் என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. ஆனால் எந்தத் தீர்ப்பும் வேலிக்குள் உள்ள ஏழு கிணறுகளையே பேசும். நீரோ வேலிக்கு வெளியே, எங்கோ ஒரு காட்டுச்சரிவில் மழையாக விழுந்து வருகிறது. ஆகவே உரிமைக்காகப் போராடுவோரும் தொல்லியல் திணைக்களமும் உள்ளூராட்சியும் ஒருசேரக் கேட்க வேண்டியவை சில உண்டு: ஏழு கிணறுகளின் வெப்பமும் நீர்மட்டமும் மாதந்தோறும் அளக்கப்பட்டு மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும், நீர் இறங்கும் நிலப்பரப்பு ஆய்வால் வரையறுக்கப்பட்டு அங்கே காடழிப்பும் ஆழ்துளைக் கிணறுகளும் கட்டுப்படுத்தப்பட வேண்டும், புதிய கட்டுமானம் எதுவும் ஊற்றுக்கண்ணின் பாறைப்பிளவைத் தொடுமுன் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் ஆய்வு நடந்திருக்க வேண்டும்.